உள்ளே வெறுங்கூடான ஹொலோ பொடி கிற்றார், தந்தி மீட்டும் பிக்: பட்டவர்கள் எழுதுங்கள்

சுண்டிக்குளி ஆறுதந்தி:

ஹொலோவுக்கு முதுகுக்காகத்தான் மாறினேன். நாலு கிலோவுக்கு மேல் பாரமான, 'லெஸ் போல்' என்ற வகை, உடல் முழுக்கக் கட்டையான கிற்றாரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நள்ளிரவு வரை கலியாண மண்டபத்தில் நிற்க இந்த வயதில் ஏலாது. ரொறன்ரோவிலிருந்து மச்சான் வரும்போது முழு ஹொலோ ஒன்று கொண்டுவந்து தந்தான். நடுவில் கட்டை இல்லாத சாதி. வீட்டில் வாசித்தவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

மண்டபத்தில் நடந்ததைத்தான் எழுத வந்தேன். கேக் வெட்டும் நேரம். பாட்டு இல்லை, கீபோர்ட் தம்பி மட்டும் மெல்ல ஏதோ வாசிக்கிறான். நான் கதிரையில் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். கிற்றார் மடியில் இருக்கிறது, வொலியூம் திறந்தபடி. திடீரென்று அது தானாகவே ஊளையிடத் தொடங்கியது. கீழ் ஏ சுரம். ஒரு தந்தியிலும் என் விரல் இல்லை. சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. மாப்பிள்ளை கையில் கத்தியோடு திரும்பிப் பார்க்கிறார், வீடியோக்காரர் கமராவை எங்கள் பக்கம் திருப்புகிறார். பக்கத்தில் நின்ற பேஸ் கிற்றார் வாசிக்கும் அண்ணை குனிந்து தன் உள்ளங்கையைக் கிற்றாரின் வயிற்றில் வைத்து அமத்தினார். ஊளை நின்றது. அவர் கையை எடுக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. கேக் வெட்டி ஊட்டி முடியும்வரை அப்படியே குனிந்தபடி நின்றார்.

வொலியூமைக் குறைத்து வைத்திருக்கலாம்தானே என்று யாரும் எழுத வேண்டாம், அது எனக்கும் தெரியும். தொடாமலே வேறு யாருக்கும் இப்படி வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கோண்டாவில் சத்தம்:

அண்ணை, அது பேய் இல்லை, வெறும் ஃபீட்பாக். அம்பின் (கிற்றார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியின்) சத்தம் கிற்றாரின் மேல்பலகையை ஆட்டும், பலகை தந்தியை ஆட்டும், தந்திக்குக் கீழே இருக்கும் காந்தச் சுருளான பிக்கப் அதை எடுத்து மறுபடி அம்புக்குக் கொடுக்கும். சுற்றிச் சுற்றி ஏறும். பேஸ் அண்ணை பலகையை அமத்தினார், சுற்று அறுந்தது. இந்தத் தொல்லைக்காகத்தான் கிற்றார்க் கம்பனியான கிப்சன்காரர் 1958இல் இ.எஸ்-335 என்ற கிற்றாரை விட்டபோது நடுவில் மேப்பிள் கட்டையை வைத்தார்கள். அப்படி நடுக்கட்டை வைத்த செமி ஹொலோ வாங்கியிருந்தால் உங்களுக்கு இது இவ்வளவு இலேசில் வந்திருக்காது.

ஆனால் என் கதை வேறு. கொழும்பில் ஒரு கடையில் செமி ஹொலோ ஒன்றைக் காட்டி, "உள்ளுக்கு வெறுங்கூடு தம்பி, பாரமே இல்லை" என்றார்கள். மேல்பலகையில் எஃப் எழுத்துப்போல வெட்டிய எஃப் துளை இரண்டும் வடிவாகத்தான் இருந்தன. நானும் நம்பி பஸ்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுவந்தேன். பிறகு தோள் நோகத் தொடங்கியதும் சந்தேகம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் எங்களுக்குத் தெரிந்த வெங்காய வியாபாரி ஒருவர் இருக்கிறார். வியாபாரம் முடிகிற நேரம் பார்த்து அவருடைய தராசில் வைத்தேன். 3 கிலோ 800. என் பழைய கட்டைக் கிற்றாரையும் கொண்டுபோயிருந்தேன். அது 3 கிலோ 400! வியாபாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது ரெண்டும் விக்கவோ, இல்லாட்டி சும்மா நிறுக்கவோ?" என்று கேட்டார். சுற்றி நின்ற சனம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

ஆகவே எஃப் துளையைப் பார்த்துப் பாரம் குறைவு என்று முடிவெடுக்காதீர்கள். நடுக்கட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டும் நம்பாமல் நிறுத்துப் பாருங்கள்.

வட்டுக்கோட்டை அக்கா:

பாரம், பாரம் என்கிறீர்கள். பருமனைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். 335, எபிபோன் கசீனோ எல்லாம் கீழ்ப்பக்கம் 16 அங்குல அகலம். ஜாஸ்காரர் தூக்கித் திரியும் இ.எஸ்-175 அதோடு மூன்று அங்குலத்துக்கு மேல் தடிப்பும். அதை மடியில் வைத்தால் என் வலது முழங்கை காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், கொஞ்ச நேரத்தில் கை விறைத்துவிடும்.

இதைக் கடையில் விளங்கப்படுத்தினேன். "சின்ன பொடி உள்ள ஹொலோ இருக்கிறதா?" என்றுதான் கேட்டேன். கடைக்காரப் பெடியன் ஓம், ஓம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் நாலு தந்திக் குட்டி வாத்தியமான யுகுலேலே ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தான். ரோஸ் நிறம். "அக்காவுக்கு இது அளவாக இருக்கும்." நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வாசிக்கிறேன். தேவாலயத்தில் இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் அந்த யுகுலேலேயைச் சுருதி சேர்த்து, ஒரு பைலா ஆட்டப்பாட்டை முழுக்க வாசித்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் காசு மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

கேட்டது வீண் கேள்வி இல்லை. 335இன் சின்ன உருவமாக கிப்சன் 2007இல் இ.எஸ்-339 விட்டது, கிப்சனின் மற்றப் பிராண்டான எபிபோனிலும் அது வருகிறது. யாழ்ப்பாணத்தில் ஒன்றைக் கண்ணால் காணத்தான் முடியவில்லை.

குருநகர் பைலா:

அக்கா, அந்தப் பெடியனின் முகத்தைப் பார்க்கக் காசு கொடுத்திருப்பேன்.

என்னுடையது பிக் கதை. தங்கச்சியின் மகனுக்கு இரண்டு வயது. கிற்றாரைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஆள் கட்டிலில் ஏறி இருந்து, என் பிக் ஒவ்வொன்றையும் உண்டியலில் காசு போடுவதுபோல எஃப் துளைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறான். லண்டனிலிருந்து வந்த பச்சை டோர்டெக்ஸ் பிக் முழுப் பக்கெட்டும் போய்விட்டது. கடைசி ஒன்றைத் துளையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே தள்ளினான்.

வட்டத் துளை உள்ள அக்கூஸ்டிக் என்றால் கவிழ்த்துக் குலுக்கி எடுக்கலாம். எஃப் துளை ஒடுக்கம், பிக் குறுக்கே நிற்கும். சைக்கிள் கம்பியை வளைத்து, நுனியில் இரட்டைப்பக்க ரேப் ஒட்டி மற்ற எல்லாவற்றையும் மீட்டேன். ஒன்று மட்டும் வரவில்லை. எங்கே இருக்கிறதோ தெரியாது. கீழ் ஜி வாசிக்கும்போது மட்டும் கிர்ர்ர் என்கிறது. வேறு சுரத்தில் ஆள் அமைதி.

மீட்டு வரும்வரை வாசிக்கப் பிக் இல்லை. றீசார்ஜ் அட்டையை வெட்டிப் பார்த்தேன், இரண்டு பாட்டில் நுனி மழுங்கிவிட்டது. பிறகு அப்பா சிரட்டையை உடைத்து, கண்ணாடித் துண்டால் சுரண்டி, மணற்கடதாசியில் தேய்த்து ஒன்று செய்து தந்தார். தடிப்புத்தான். ஆனால் ஹொலோவில் அதன் ஒலி கனிந்து வருகிறது, பிளாஸ்ரிக்கின் கீச்சு இல்லை. பைலாவுக்கு உதவாது. மெல்லிய பாட்டுக்கு இப்போதும் அதுதான்.

மானிப்பாய் கட்டைவிரல்:

2022 மார்ச் கடைசியில் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள் நினைவிருக்கும். இரவு, வெக்கை, நுளம்பு. திண்ணையில் இருந்து ஹொலோவை அம்ப் இல்லாமலே வாசித்தேன். ஒரு பாட்டு முடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கத்து இருட்டிலிருந்து ஓர் ஆச்சியின் குரல்: "தம்பி, நேற்று வாசிச்சதையும் ஒருக்கா வாசியுங்கோ." கட்டைக் கிற்றாராக இருந்தால் எனக்கே கேட்டிராது. இதற்காகவே முழு ஹொலோ வாங்கலாம்.

அது நிற்க, மேலே எழுதியவர்களுக்குச் சில விசயங்கள் சொல்ல வேண்டும்.

ஆறுதந்தி அண்ணை, அம்புக்கு நேரே முகம் கொடுத்து இருக்காதீர்கள். உடம்பு கிற்றாருக்கும் அம்புக்கும் நடுவில் வருமாறு திரும்பி இருங்கள். அம்பில் பேஸைக் குறையுங்கள், ஊளை அங்கேதான் பிறக்கிறது. புளூஸ் கிற்றார்க்காரர் பி. பி. கிங் எஃப் துளைக்குள் துணி அடைத்துத்தான் வாசித்தார். 1980இல் கிப்சன் அவர் பெயரில் விட்ட லூசில் கிற்றாரில் எஃப் துளையே கிடையாது. நீங்கள் துளையின் வடிவத்துக்கு ஸ்பொஞ்ச் வெட்டி அடைக்கலாம், வேண்டாத நேரம் எடுத்துவிடலாம்.

முழு ஹொலோ பலவற்றில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பலகையில் ஆணி அடித்து நிற்பதில்லை, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஆறு தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் உங்கள் கையோடு வரும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மாற்றுமுன் பிரிட்ஜின் இரு பக்கமும் மறைப்பு ரேப் ஒட்டி இடத்தைக் குறித்துவையுங்கள். அசைந்துவிட்டால் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஹார்மொனிக்கையும் (தந்தியை அமத்தாமல் மெல்லத் தொட்டு எடுக்கும் சுரம்) அமத்திய சுரத்தையும் ஒத்துப் பாருங்கள். அமத்திய சுரத்தின் சுருதி கூடினால் பிரிட்ஜைக் கழுத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளவேண்டும், குறைந்தால் கழுத்துப் பக்கம்.

தந்தி: தட்டைக் கம்பி சுற்றிய ஃபிளாட்வூண்ட் போடுங்கள். விலைதான், ஆனால் விரல் இழுபடும் சத்தம் இல்லை, எங்கள் வியர்வைக்கும் நீடிக்கும்.

பிக்: தடிப்பானது. மெல்லிய பிக்கில் கேட்கும் படபடப்பை ஹொலோ இன்னும் பெரிதாக்கிக் காட்டும். ஜாஸ் த்ரீ என்ற சின்னப் பிக் 1.38 மி.மீ. ஒரு மாதம் பழகினால் வேறொன்றும் பிடிக்காது. அதைவிட நல்லது பிக்கே இல்லாமல் வாசிப்பது. ஜாஸ் கிற்றார்க்காரர் வெஸ் மொன்ட்கொமரி கட்டைவிரலால்தான் வாசித்தார். இரவில் பயிற்சி செய்யும்போது அயலவரைக் குழப்பாமல் இருக்கத் தொடங்கிய பழக்கம் என்பார்கள்.

குருநகர் பைலா:

மானிப்பாய் அண்ணை, ஆச்சிக்கு நாலு வரி, எங்களுக்கு ஒரு புத்தகம். சரி, பிரிட்ஜ் விசயம் நல்லது, குறித்துவைத்தேன். மற்றதுக்கு மறுப்பு இருக்கிறது.

கட்டைவிரலால் பைலா வாசித்திருக்கிறீர்களா? ஆறெட்டுத் தாளத்தில் பாடுபவர் ஏழு பாட்டை மூச்சுவிடாமல் கோத்துக்கொண்டு போவார். மூன்றாம் பாட்டில் நகம் கழன்றுவிடும். 1.38 பிக்கும் சரிவராது. தந்தி வழிவிடாது, மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும். மஞ்சள் டோர்டெக்ஸ் 0.73, இல்லையென்றால் செம்மஞ்சள் 0.60. தனியாக வாசிக்கும்போது பச்சை 0.88. தாளம் அடிப்பவருக்கும் சுரம் எடுப்பவருக்கும் ஒரே பிக் எப்படிப் பொருந்தும்?

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பெரிய ஆட்கள் "ஆமையோட்டுப் பிக்குக்கு ஈடில்லை" என்று இன்னும் சொல்லித் திரிகிறார்கள். அது அழுங்காமை ஓடு. 1970களிலேயே சர்வதேச வர்த்தகத்தில் தடைசெய்த சாமான். டோர்டெக்ஸ் வந்ததே அதற்குப் பதிலாகத்தான். ஆரும் கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள்.

பருத்தித்துறை வாடை:

ஃபிளாட்வூண்ட் நீடிக்கும் என்பவர் கடற்கரையில் ஒரு சோளகக் காலம் இருந்து பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் யன்னல் கம்பியே நீடிப்பதில்லை. வாசித்து முடிந்ததும் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள், எந்தத் தந்தியானாலும் சரி. பலகையைப் பற்றி அதிகம் பயப்படத் தேவையில்லை. இந்தச் சாதி எலெக்ட்ரிக் ஹொலோ அனேகமாக ஒட்டுப்பலகை, தனிப்பலகை அக்கூஸ்டிக்போல மழைக்கு வீங்காது.

எனக்கு மறக்காதது பி-90 பிக்கப் உள்ள கிற்றாரோடு கோவில் திருவிழா மேடை. உம்ம்ம் என்ற இரைச்சல். தந்தியில் கை வைத்தால் குறைகிறது, எடுத்தால் கூடுகிறது. பி-90 ஒற்றைச் சுருள், இரையத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பாட மைக்குக்குக் கிட்டப் போனேன். உதடு மைக்கில் பட்டதும் ஒரு நீலப்பொறி. பல்லுக்குள்ளே சுள்ளென்று இறங்கியது. கை தந்தியில், வாய் மைக்கில், நடுவில் நான். சனம் நான் பாட்டை மறந்துவிட்டேன் என்று நினைத்துக் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள்.

ஜெனறேற்றரில் ஒரு வயரும் கோவில் லைனில் ஒரு வயருமாக இழுத்திருந்தார்கள், எர்த் ஒழுங்காக இல்லை. அம்ப், மிக்சர் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள், எர்த்தை எலெக்ட்ரீசியனைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். நான் இப்போது பாடுமுன் மைக்கைப் புறங்கையால் ஒருக்கால் தட்டிப் பார்ப்பேன், மைக்குக்கு ஸ்பொஞ்ச் தொப்பியும் போடுவேன்.

சுண்டிக்குளி ஆறுதந்தி:

கோண்டாவில் தம்பி, செமி ஹொலோ வாங்கியிருக்கலாம் என்று சொன்ன அதே மூச்சில் அது 3 கிலோ 800 என்றும் சொல்கிறீர்கள். முதுகுக்காக மாறின ஆளுக்கு என்ன பதில்? என்னுடையதையும் வீட்டுத் தராசில் வைத்தேன், 2 கிலோ 900. இந்த 900 கிராமுக்காக ஊளையோடு மல்லுக்கட்டுவேன்.

ஸ்பொஞ்ச் அடைத்துப் பார்த்தேன். அடைத்தபிறகு அம்ப் இல்லாமல் வாசித்தால் முழக்கம் குறைகிறது, மானிப்பாய் ஆச்சிக்குக் கேட்காது. மண்டபத்தில் பலன் உண்டு. அம்பையும் மறுபக்கம் மாற்றி பேஸைக் குறைத்தேன், போன கலியாணத்தில் ஊளை எட்டிப் பார்த்ததோடு போய்விட்டது. பேஸ் அண்ணை மட்டும் இன்னும் என் வலப்பக்கத்தில்தான் நிற்கிறார். ஏன் என்று கேட்கவில்லை.

வட்டுக்கோட்டை அக்கா:

எல்லாரும் ஊளையைத் தீர்த்துவிட்டீர்கள், சந்தோசம். என் கேள்வி அப்படியே கிடக்கிறது. 339 அளவில் ஒன்று யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது இருக்கிறதா? வாங்க இல்லை. பத்து நிமிடம் மடியில் வைத்து முழங்கை எங்கே வருகிறது என்று பார்க்கவேண்டும். படத்தைப் பார்த்துக் காசு அனுப்ப நான் தயாரில்லை.

சாவகச்சேரி புதுசு:

அக்கா, என்னிடம் எபிபோன் 339 இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் வாருங்கள், தேவாலயம் முடிந்து வந்தாலும் சரி. தோள் ஸ்ட்ராப்பின் நீளத்தைக் குறைத்து வைக்கிறேன். பிக் மட்டும் கொண்டுவாருங்கள், என்னிடம் இருப்பது எல்லாம் றீசார்ஜ் அட்டைதான்.