வீடியோ காலில் அப்பா அம்மா படம்: முகம் கறுப்பு, சுவரெல்லாம் கோடு. அவசரம்

சிங்கை_கார்த்தி:
வணக்கம். நான் சிங்கப்பூரில், அப்பா அம்மா கும்பகோணத்தில். அப்பாவுக்குச் சதாபிஷேகம், திருக்கடையூரில். பத்திரிகைக்கும் மண்டப வாசலில் வைக்க 12க்கு 18 இஞ்ச் பிரிண்டுக்கும் அப்பா அம்மா சேர்ந்த படம் வேண்டும். வீடியோ காலில் உட்கார வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறேன். முகம் கறுத்துப் போகிறது, அப்பா நெற்றி விபூதி மட்டும் வெள்ளைத் திட்டாக நிற்கிறது, பின்னால் சுவரில் கோடு கோடாக ஏறிக்கொண்டே இருக்கிறது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகிவிடுகிறது. என் போன் நல்ல போன்தான். என்ன செட்டிங் மாற்ற வேண்டும்? அச்சகத்தில் நாளை மறுநாள் கேட்கிறார்கள்.

தஞ்சை_முருகு:
உங்கள் போனை விடுங்கள். அங்கே என்ன போன்? முன் கேமராவா பின் கேமராவா? யார் பிடிக்கிறார்கள்?

நெட்_ராஜா:
இது நூறு சதவீதம் நெட் பிரச்சினை. வீடியோ காலில் சிக்னல் குறைந்தால் ஆப் தானாகவே தரத்தை இறக்கிவிடும், அதுதான் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ரவுட்டர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், வீட்டில் வேறு யாராவது வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், போனில் டேட்டா சேவர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை.

சிங்கை_கார்த்தி:
என் போன் 256 ஜிபி, ஆறு மாதம்தான் ஆகிறது. நெட் இங்கே சூப்பர்.

தஞ்சை_முருகு:
அய்யா, இங்கே இல்லை. அங்கே. அங்கே என்ன போன்?

லென்ஸ்_மாமா:
தம்பி, முதலில் ஒரு அடிப்படை. ஸ்கிரீன்ஷாட் என்பது படம் இல்லை. உங்கள் திரையில் தெரிவதை நகல் எடுக்கிறீர்கள், அவ்வளவுதான். வந்து சேர்ந்த வீடியோ 1280க்கு 720 என்றே வைத்துக்கொள்வோம். 300 டிபிஐயில், அதாவது இஞ்ச்சுக்கு 300 புள்ளி கணக்கில், அதை அச்சடித்தால் நாலேகால் இஞ்ச்சுக்கு இரண்டரை இஞ்ச்கூடத் தேறாது. நீங்கள் கேட்பது 12க்கு 18, அதாவது 3600க்கு 5400 புள்ளி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் செட்டிங் தேடுபவர்களுக்கு நான் பொதுவாகப் பதில் சொல்வதில்லை. இந்தக் குழுவில் இதை எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது, தேடிப் படித்திருக்கலாம்.

ஜெயந்தி_சேலம்:
மாமா, பதில் சொல்வதில்லை என்று சொல்லிக்கொண்டே சொல்லிவிட்டீர்கள். ஒரு திருத்தம். மண்டப வாசலில் நின்று பார்க்கிற படத்துக்கு 200 டிபிஐ தாராளம், அதாவது 2400க்கு 3600. 12 மெகாபிக்சல் பின் கேமரா அதற்குப் போதும். கார்த்தி, ஒரே ஒரு கேள்வி. இந்தியாவில் மணி என்ன இருக்கும் நீங்கள் கூப்பிடும்போது?

சிங்கை_கார்த்தி:
வேலை முடிந்து வந்து சாப்பிட்டு இங்கே பத்து மணிக்கு. கும்பகோணத்தில் ஏழரை. அப்பா போன் பழைய ஆண்ட்ராய்ட், அத்தான் அமெரிக்காவிலிருந்து வரும்போது கொடுத்தது. முன் கேமராதான், அப்போதுதானே அவர்கள் என்னைப் பார்க்க முடியும். அம்மா கையில் பிடித்துக்கொள்வார்.

ஜெயந்தி_சேலம்:
அப்படியானால் கூடத்தில் டியூப் லைட் ஒன்றுதான் எரியும், அதுவும் தலைக்கு மேலே. கண்குழியெல்லாம் நிழல் விழும். வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை எல்லாம் படத்துக்குள் இருந்தால் கேமரா "அதிக வெளிச்சம்" என்று நினைத்து மொத்தத்தையும் இறக்கிவிடும், முகம் கறுக்கும். அப்புறம் நீங்கள் முகத்துக்காக ஏற்றினால் விபூதி எரிந்துபோகும், அதாவது வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

வோல்ட்_வேலு:
கோடு ஏன் வருகிறது என்று யாருமே சொல்லவில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட், மலிவான எல்ஈடி எல்லாம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போன் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் சில வரி பிரகாசமாகவும் சில வரி மங்கலாகவும் விழும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/100 அல்லது 1/50 நொடி என்று வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்பு கிடைக்கும், கோடு போய்விடும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கிய போன் 60 கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அதில்தான் சந்தேகம். சில போன்களில் ஆன்டி ஃப்ளிக்கர் என்று ஒரு செட்டிங் உண்டு, 50க்கு மாற்றுங்கள்.

நெட்_ராஜா:
நெட் சரியாக இருந்தால் கோடும் வராது என்பது என் அனுபவம்.

வோல்ட்_வேலு:
நெட்டுக்கும் டியூப் லைட்டுக்கும் என்ன சம்பந்தம் சார்?

ஸ்டூடியோ_செல்வம்:
கும்பகோணத்தில் ஸ்டூடியோவுக்கா பஞ்சம்? அரை மணி நேர வேலை. எண்பது வயதுப் பெரியவரை வைத்துக்கொண்டு இந்தக் கூத்து எதற்கு? எங்களைப் போன்ற ஆட்கள் கடையை மூடுவதே இதனால்தான்.

சிங்கை_கார்த்தி:
அப்பாவுக்கு முழங்கால். மாடிப்படி ஏற மாட்டார். வீட்டுக்கு ஆள் வரட்டும் என்றால் "எதுக்குடா செலவு" என்கிறார். நான் எடுத்தால் மட்டும்தான் உட்காருவார்.

நிலா_ப்ரியன்:
செல்வம் அண்ணா, இது ஒன்றும் கூத்து இல்லை. 2020 ஏப்ரலில் உலகமே வீட்டுக்குள் இருந்தபோது ஜாக்மூஸ் என்ற பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனம் மாடல் பெல்லா ஹடீட் படங்களை ஃபேஸ்டைம் என்ற ஆப்பிள் வீடியோ காலிலேயே எடுத்து விளம்பரமாகப் போட்டது. எடுத்தவர் பியேர் ஆன்ஜ் கார்லோட்டி. ஜாரா என்ற துணி நிறுவனம் அப்போது மாடல்களுக்குத் துணியை அனுப்பி வீட்டிலேயே எடுத்துக்கொள்ளச் சொன்னது.

லென்ஸ்_மாமா:
அந்தப் படங்களின் அழகே புள்ளி உடைந்த தோற்றம்தான். சதாபிஷேகப் பத்திரிகையில் அப்படிப் போட்டால் சொந்தக்காரர்கள் "கண்ணாடி மாத்தணும்" என்று டாக்டரிடம் போவார்கள்.

ஸ்டூடியோ_செல்வம்:
சரி, அப்படி எடுத்தால் அது யார் படம்? பொத்தானை அமுக்கியவர் ஒருவர், சொல்லிக் கொடுத்தவர் ஒருவர், கேமரா இன்னொருவருடையது.

நிலா_ப்ரியன்:
1957 பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படத்துக்கு ஆசிரியர் "எடுத்தவர்". வேறு ஊரில் இருந்துகொண்டு சொல்லிச் சொல்லி எடுக்க வைப்பவர் "எடுத்தவரா" என்று இரண்டு பக்கமும் வாதாடலாம்.

ஸ்டூடியோ_செல்வம்:
இப்படித்தான் கல்யாணப் படத்துக்கு நெகட்டிவ் யாருடையது என்று எங்கள் ஊரில் பெரிய சண்டை.

லென்ஸ்_மாமா:
புகைப்படத்துக்கு முன்பு வெளியானதிலிருந்து 60 ஆண்டு, அவ்வளவுதான். 2012 திருத்தத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். இப்போது எடுத்தவர் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டு. தெரியாமல் ஆளாளுக்குப் பேசக் கூடாது.

ஜெயந்தி_சேலம்:
சட்டம் இருக்கட்டும், அவருக்கு நாளை மறுநாள் அச்சு. கார்த்தி, இதை மட்டும் செய்யுங்கள். உங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுங்கள், உங்களுக்குப் பன்னிரண்டரை என்றால் அங்கே காலை பத்து. வீட்டில் முற்றம் இருக்கிறதா? இருந்தால் நல்லது. நேர் வெயில் மேலே படாமல் முற்றத்து ஓரத்தில், தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு, முற்றத்தைப் பார்த்து உட்கார வையுங்கள். வெளிச்சம் முன்னாலிருந்து மெதுவாக வரும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாதி முகம் நீலம் பாதி மஞ்சள் ஆகும். விபூதி மெல்லியதாக இருக்கட்டும்.

அப்புறம் முக்கியமானது. கால் வேறு, கேமரா வேறு. ஒரே போனில் இரண்டும் நடக்காது, கேமரா ஆப்பைத் திறந்தால் காலில் வீடியோ நின்றுவிடும். பக்கத்து வீட்டில் யாரிடமாவது இன்னொரு போன் வாங்குங்கள். அந்தப் போனின் பின் கேமராவில்தான் படம். ஒரு ஸ்டூலில் புத்தகம் அடுக்கிக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஆறடி தள்ளி வையுங்கள். ரொம்பப் பக்கம் வைத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். அப்பா போனில் கால் போட்டு, படம் எடுக்கிற போனின் திரையையே உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். படம் எப்படி அமைந்திருக்கிறது என்று சிங்கப்பூரிலிருந்தே பார்த்து "அம்மா கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று சொல்லலாம். படம் எடுக்கிற போனின் திரையில் அப்பா முகத்தைத் தொடச் சொல்லுங்கள், வெளிச்சம் அதற்கேற்ப அமையும். கண்ணாடியில் பிரதிபலிப்பு வந்தால் காதுப் பக்கம் கம்பியை ஒரு விரல் உயர்த்தினால் போய்விடும். படத்தைச் சாதாரணமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுருக்கிவிடும்.

கேமரா_ரவி:
இதற்கெல்லாம் டிஎஸ்எல்ஆர் என்ற பெரிய கேமராவை லேப்டாப்பில் செருகி, தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் எனிடெஸ்க் போட்டு, சிங்கப்பூரிலிருந்தே ஷட்டரை அமுக்கலாம். நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

தஞ்சை_முருகு:
ரவி சார், கும்பகோணத்து எண்பது வயது வீட்டில் டிஎஸ்எல்ஆர் எங்கே இருக்கும்? லேப்டாப் எங்கே இருக்கும்?

கேமரா_ரவி:
வாங்கிக்கொள்ளலாமே.

நெட்_ராஜா:
எனிடெஸ்க்குக்கும் நல்ல நெட் வேண்டும், அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

வோல்ட்_வேலு:
ஆன்டி ஃப்ளிக்கர் பார்த்தீர்களா கார்த்தி? 60 என்று இருந்ததா?

ஜெயந்தி_சேலம்:
கார்த்தி, ஆளைக் காணோமே?

சிங்கை_கார்த்தி:
எடுத்தாச்சு. முற்றம்தான். எதிர் வீட்டுப் பிளஸ் டூ பெண்ணின் போன், அவளே எடுத்தாள். அப்பா சிரிக்கிறார், எப்படி என்று தெரியவில்லை. அச்சகத்துக்குப் போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்களுக்கு ரொம்ப நன்றி.

ஸ்டூடியோ_செல்வம்:
அப்போ உரிமை எதிர் வீட்டுப் பெண்ணுக்கு.

நிலா_ப்ரியன்:
பத்திரிகையில் பெயர் போடச் சொல்லுங்கள்.

வோல்ட்_வேலு:
60ஆ 50ஆ என்று மட்டும் சொல்லிவிடுங்கள் தம்பி.

லென்ஸ்_மாமா:
ஒரிஜினல் ஃபைலை இங்கே போடுங்கள், அச்சுக்குத் தேறுமா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். விபூதி எரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.