கருமீனா, பிள்ளை விண்மீனா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் வானியல் கலைச்சொல் பட்டியலில் புரோட்டோஸ்டாருக்கு, அதாவது இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் விண்மீனுக்கு, 'கருமீன்' என்று முன்மொழிந்திருந்தீர்கள். கேட்க அழகுதான். ஆனால் இங்கே கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழி வகுப்பில் அதைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள், "பொள்ளிச்சதா சார், வறுத்ததா?" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வந்துவிட்டது. பாலக்காட்டுப் பையனுக்குச் சாப்பிடும் கரிமீன்தானே முதலில் நினைவுக்கு வரும்! 'விண்' கட்டாயம் வேண்டும். கருவிண்மீன் என்றே வைப்போம்.

ஆனால் டி டாரி (T Tauri) எனும் இளம் விண்மீன் வகைக்கும் இதே சொல் போதும் என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. கருவிண்மீன் வாயுவும் தூசும் மூடிய உறைக்குள் இருப்பது. டி டாரி உறையைவிட்டு வெளியே வந்துவிட்டது. மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருப் பிணைவு மட்டும் இன்னும் நிலைகொள்ளவில்லை, சுருங்கிச் சுருங்கியே ஒளிர்கிறது. பிறந்தாயிற்று, ஆளாகவில்லை. தென்னம்பிள்ளை என்கிறோமே, அதுபோலப் 'பிள்ளை விண்மீன்' எனலாம்.

எக்ஸ்ரேயை எக்ஸ் கதிர் என்பதா, ஊடுகதிர் என்பதா என்ற பழைய சண்டையில் இந்த இடத்தில் நான் ஊடுகதிர் கட்சி. வானில் கேட்டை விண்மீனுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 450 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, விண்மீன்கள் பிறக்கும் ரோ ஓபியூக்கி முகில். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அதன் தூசு விழுங்கிவிடும். ஆற்றல் மிகுந்த ஊடுகதிர் அதை ஊடுருவி வந்துவிடும். ஊடுகதிரில் பார்க்கும் ஐன்ஸ்டைன் விண்ணாய்வகம் அங்கே திரும்பத் திரும்பப் பார்த்தபோது இளம் விண்மீன்கள் புள்ளிகளாகக் கூடியும் குறைந்தும் மின்னின. 1983இல் வந்த ஆய்வுக்கட்டுரை தலைப்பிலேயே அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்றது. நம்மூர்க் கோயில் திருவிழா சீரியல் பல்பு என்றாலும் பொருந்தும்.

அப்படித் திடீரென மின்னுவதற்கு (flare) 'தீப்பிழம்பு' என்ற சொல் வேண்டாம். அங்கே எதுவும் எரியவில்லை. முறுக்கேறிய காந்தப்புலம் அறுந்து இணையும்போது வாயு கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாகிறது. 'சீறொளி' எனக்குச் சம்மதம்.

மிச்சமிருப்பது 'மெல்வரி டி டாரி' (weak-line T Tauri) என்ற சொல். நிறமாலையில் ஹைட்ரஜன் வரி மங்கல் என்பதைச் சொல்கிறது, சரி. ஏன் மங்கியது? விண்மீனைச் சுற்றியிருக்கும் வாயு, தூசு வட்டிலிருந்து பொருள் வந்து விழுவது நின்றுபோனதால். இவற்றில் பெரும்பாலானவை வட்டையே இழந்தவை. சூடான தூசைத் தேடும் அகச்சிவப்புக் கணக்கெடுப்பில் சிக்காமல் போன இவற்றில் பலவற்றை ஊடுகதிர்தான் காட்டிக்கொடுத்தது. ஊட்டிய தொப்புள்கொடி விழுந்த பிள்ளை மாதிரி. அதனால் 'வட்டுதிர்ந்த பிள்ளை விண்மீன்' என்று எழுதிப் பார்த்தேன். நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். வட்டு இன்னும் ஒட்டியிருக்கும் சிலவற்றை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவற்றுக்கு மெல்வரியே இருக்கட்டும்.

அப்புறம், 'பிள்ளைவிண்மீன்' என்று சேர்த்து எழுத வேண்டுமா? பிரித்து எழுதினால்தான் எங்கள் பையன்கள் தடுக்காமல் வாசிக்கிறார்கள்.