பாலக்கோடு பக்கம்: பட்டா இல்லாத கொள்ளுத்தாத்தாவைப் பழைய அரசுப் பதிவேடுகளில் தேடுவது எப்படி?

சின்னாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். தேடுவது அப்பாவுடைய தாத்தாவை. ஊர், பாலக்கோடு தாலுகாவில் ஒரு சிறு கிராமம். கையில் இருப்பது மூன்றே தாள்:

1) தாத்தா பெயரில் 1962-ல் பதிவான கிரயப் பத்திரம். 46 சென்ட் புஞ்சை, பழைய சர்வே நம்பர் இருக்கிறது.
2) கொள்ளுத்தாத்தா கைநாட்டு வைத்த கடன் பத்திரம், முத்திரைத்தாளில். தேதி "பிரபவ வருஷம் ஆவணி" என்று மட்டும்.
3) பசலி (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) 1352 தீர்வை ரசீது, கொள்ளுத்தாத்தா பெயரில். பட்டா நம்பர் எழுத வேண்டிய இடத்தில் "சி.ஜமா" என்று இருக்கிறது.

ஈ.சி. (வில்லங்கச் சான்று) இணையத்தில் 1975-க்கு முன்னால் வரவில்லை. அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிரந்தர நிலப் பதிவேடு) இவர் பெயர் இல்லை. தாலுகா அலுவலகம் ஒன்றில் "பழைய ஆவணம் எதுவும் இல்லை" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். நிலத்துக்கு உரிமை கோரும் நோக்கம் இல்லை. அவர் எப்போது பிறந்தார், எப்போது இறந்தார், என்ன தொழில் செய்தார், மனைவி பெயர் என்ன என்பதுதான் வேண்டும். எங்கே தொடங்குவது?

புலஎண் 114

முதலில் தேதிகளைச் சரி செய்துகொள்ளுங்கள். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி வருடம் ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். ஆக பசலி 1352 என்பது 1942 ஜூலை முதல் 1943 ஜூன் வரை. தமிழ் வருடங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருவதால் பிரபவ 1867 ஆகவும் இருக்கலாம், 1927 ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளின் தலையில் அச்சிட்டிருக்கும் முகத்தைப் பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் 1867, தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1927. 1943-ல் தீர்வை கட்டியவர் என்பதால் 1927 ஆகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் முகத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கொள்ளுத்தாத்தாவுக்கும் அவருடைய தாத்தாவுக்கும் ஒரே பெயர் இருப்பது நம் பக்கம் வழக்கம்தான். அந்தக் குழப்பத்தில் ஒரு தலைமுறையே காணாமல் போய்விடும்.

அடுத்தது ஜில்லா. தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9-ல். அதற்கு முன்பு எல்லாமே சேலம் ஜில்லா. உங்கள் 1962 பத்திரத்திலும் சேலம் ஜில்லா என்றுதான் எழுதியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலக்கோடு தனித் தாலுகாவும் இல்லை, அதனால் பழைய அட்டவணைகளில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு தாலுகாவையும் பாருங்கள். "தர்மபுரி ஆவணம்" என்று கேட்டால் "இல்லை" என்று பதில் வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இனி நிலம். ஆளைப் பிடித்துக்கொண்டு போகாமல் நம்பரைப் பிடித்துக்கொண்டு போங்கள். பெயர் எழுத்து மாறும், பட்டா கைமாறும். சர்வே நம்பர் மாறினாலும் மாறியதற்கு ஒரு குறிப்பு இருக்கும். இப்போதைய அ-பதிவேடு யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) காலத்தில், 1979-க்குப் பிறகு எழுதப்பட்டது. அதில் பழைய புல எண் என்று ஒரு கட்டம் உண்டு. அந்த எண்ணை வைத்து யு.டி.ஆருக்கு முந்தைய ரீசெட்டில்மெண்ட் (மறு நிலவரித் திட்டம்) பதிவேட்டைக் கேளுங்கள். அதில் நஞ்சை புஞ்சை, தரம், தீர்வை, பட்டா நம்பர், பட்டாதார் பெயர் எல்லாம் ஒரே வரியில் வரும். பரப்பளவையும் ஒத்துப் பாருங்கள்: 46 சென்ட் என்பது இப்போது ஏறத்தாழ 18.6 ஏர். எண் சரியாக இருந்து பரப்பு பெரிதாக மாறினால் உட்பிரிவில் எங்கோ தவறு.

யு.டி.ஆரில் நடந்த பெரிய கோளாறு, நாலு அண்ணன் தம்பிகள் சேர்ந்து உழுத நிலத்துக்கு ஒருவர் பெயரை மட்டும் எழுதியது. பழைய பதிவேட்டில் "இன்னார் வகையறா" என்று இருந்தது புதியதில் ஒற்றைப் பெயராகிவிட்டது. அ-பதிவேட்டில் பெயர் இல்லை என்பதை வைத்து ஆளே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

1975-க்கு முந்தைய பத்திரங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் எழுதிய அட்டவணைகள் இருக்கின்றன. முதல் அட்டவணை ஆட்களின் பெயர் வாரியாக, இரண்டாவது சொத்து வாரியாக. பதிவுச் சட்டம் 57-ம் பிரிவின்படி ஒன்றாம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் அங்கேதான். உயில்களும் பொதுவான ஆவணங்களும் உள்ள மூன்றாம், நான்காம் புத்தகங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. போகும் முன், அந்தந்த ஆண்டில் உங்கள் கிராமம் எந்த சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்று விசாரியுங்கள். எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன. 1962 பத்திரத்தின் சான்றிட்ட நகல் வாங்கி, நான்கெல்லையில் வரும் அண்டை நிலத்தார் பெயர்களைத் தனியாக எழுதி வையுங்கள். பங்காளிகள் பெரும்பாலும் அந்த நான்கெல்லைக்குள்ளேயே இருப்பார்கள்.

கணக்குக் கட்டு

புலஎண் ஐயா சொன்னது பட்டாதாருக்குச் சரியான வழி. ஆனால் இங்கே தேடப்படுபவர் பட்டாதார் இல்லை. அந்த ரசீதே அதைச் சொல்லிவிட்டது.

"சி.ஜமா" என்றால் சிவாய்ஜமா. பட்டா இல்லாமல் சர்க்கார் புறம்போக்கிலோ தரிசிலோ பயிர் வைத்தவரிடம் வசூலித்த தீர்வை. 1905-ம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் கணக்குப்பிள்ளை ஆண்டுதோறும் அப்படிப்பட்டவர்களின் பட்டியலைப் போடுவார். அதுதான் ஊரில் இன்றும் சொல்லும் பி-மெமோ. ஆக அவர் ரீசெட்டில்மெண்ட் பதிவேட்டில் எங்கே தேடினாலும் கிடைக்க மாட்டார். அந்தப் புறம்போக்கு நம்பரின் அடங்கலில்தான் இருப்பார்.

அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. ஒவ்வொரு பசலிக்கும் ஒவ்வொரு நம்பரிலும் யார் பயிரிட்டார், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று வரும். அவர் ராகி போட்டாரா, நிலக்கடலை போட்டாரா என்பதுகூட அதிலிருந்து தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால் அ-பதிவேடு போல இது நிரந்தரமாக வைக்கும் ஆவணம் இல்லை. காப்புக் காலம் முடிந்ததும் கழித்துவிடுவார்கள். 1940-களின் அடங்கல் தப்பியிருந்தால் அதிர்ஷ்டம்.

அது இல்லையென்றால் நில ஒப்படை (சர்க்கார் நிலத்தைத் தனியாருக்கு வழங்குவது) பதிவேட்டைக் கேளுங்கள். சிவாய்ஜமாவில் பல வருடம் பயிர் செய்தவருக்கோ அவர் மகனுக்கோ பின்னாளில் அதே நிலம் ஒப்படை ஆவது அடிக்கடி நடந்தது. ஒப்படைக் கோப்பில் வருமானம், குடும்ப விவரம், கிராம முன்சீப் வாக்குமூலம் இருக்க வாய்ப்பு உண்டு. குடும்பம் பட்டியல் சமூகம் என்றால் அ-பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் "டி.சி." என்று இருக்கிறதா பாருங்கள். 1892-ல் தொடங்கிய பஞ்சமி நில ஒப்படையின் அடையாளம் அது. யார் கையில் இப்போது இருந்தாலும் முதலில் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தேட அதுவே நூல் நுனி.

ஊர் நத்தத்தில் வீடு மட்டும் இருந்தவர்களைப் பற்றி: நத்தம் முழுவதும் வெகுகாலம் ஒரே நம்பராகக் கிடந்தது. வீட்டுக்கு வீடு அளந்து எழுதியது பிற்காலத்து நத்தம் நிலவரித் திட்டத்தில்தான். அதற்கு முந்திய காலத்துக்கு ஊராட்சியின் வீட்டுவரிக் கேட்புப் பதிவேடுதான் கதி.

பிறப்பு இறப்புக்கு வாருங்கள், உங்கள் கேள்விக்கு நேரடி விடை அங்கேதான். 1969 மத்தியச் சட்டத்துக்கு முன்பு இங்கே 1899-ம் வருட சென்னைச் சட்டம். பதிவு செய்தது கிராம முன்சீப். பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், வயது, சாவுக்குக் காரணம் ஆகியவற்றைப் பார்க்கலாம். காரணத்தில் "ஜுரம்", "பேதி" என்பதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வயதை 50, 55, 60 என்று முழுசாக்கிப் போட்டிருப்பார்கள், ஐந்தாறு வருடம் முன்பின் இருக்கும். குழந்தைப் பிறப்பில் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சகஜம். அதனால் குழந்தை பெயரில் தேட வேண்டாம், தகப்பன் பெயரில் தேடுங்கள். பழைய கட்டுகளைச் சார்பதிவாளர் அலுவலகம், தாலுகா பதிவறை இரண்டிலும் விசாரியுங்கள்.

ரசீது 1943 என்பதால் 1942-லிருந்து தொடங்கி முன்னோக்கி ஒவ்வொரு ஆண்டாகப் பாருங்கள். ஒரு சிறு கிராமத்துக்கு ஆண்டுக்கு ஒரு சில பக்கம்தான் வரும். இருபது ஆண்டைப் பார்ப்பது ஒரு நாள் வேலை.

சின்னாற்றங்கரை

மிக்க நன்றி. முத்திரையில் இருப்பது ஐந்தாம் ஜார்ஜ், ஆக 1927. புறம்போக்கு நம்பர் ரசீதில் மங்கலாக இருக்கிறது, பெரிதாக்கிப் படித்துவிடலாம். தகவல் உரிமை மனுவில் எப்படிக் கேட்டால் "இல்லை" என்ற ஒற்றை வரி வராமல் இருக்கும்?

மனு எழுதுகிறவன்

"என் கொள்ளுத்தாத்தா பற்றிய எல்லா ஆவணமும்" என்று கேட்டால் கட்டாயம் ஒற்றை வரிதான் வரும். எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, அப்படி ஒரு கோப்பு எங்கும் இல்லை. பதிவேட்டின் பெயர், கிராமத்தின் பெயர், புல எண், பசலி நான்கையும் எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரு பதிவேடு போதும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு.

நகல் மட்டும் கேட்காமல் "பதிவேட்டை நேரில் பார்வையிட" அனுமதியும் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2(ஜே) பிரிவில் அந்த உரிமை இருக்கிறது. நேரில் பார்த்தால்தான் பக்கத்து வரியில் இருக்கும் அண்ணன் தம்பியைக் கண்டுபிடிக்க முடியும். தனிநபர் தகவல் என்று மறுத்தால் 8(3)-ஐச் சுட்டுங்கள். இருபது ஆண்டுக்கு முன் நடந்தவற்றுக்கு அந்த விலக்கு பொருந்தாது. அழித்துவிட்டோம் என்றால் எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில் என்று அழித்த பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு. இந்தக் கட்டத்தில்தான் பல முறை "தேடியதில் கிடைத்தது" என்று பதில் மாறும்.

சென்சஸ் பற்றி யாராவது சொன்னால் நேரத்தை வீணாக்காதீர்கள். 1871 முதல் கணக்கெடுப்பு உண்டு, ஆனால் நமக்குக் கிடைப்பது ஊர், தாலுகா வாரியான எண்ணிக்கைதான். ஆள் பெயர் உள்ள படிவங்களைப் பார்க்க 1948 சென்சஸ் சட்டம் இடம் கொடுக்காது.

கரை கடந்தவர்கள்

இறப்புப் பதிவேட்டில் கிடைக்கவில்லை என்றால் அவருடைய கூடப்பிறந்தவர்களையும் தேடுங்கள். சேலம் ஜில்லாவிலிருந்து கடல் கடந்தவர்கள் ஏராளம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்தப் பக்கம் எவ்வளவு பேரை இழந்தது என்பது 1881 கணக்கில் ஜில்லாவின் மக்கள்தொகை முந்தைய கணக்கைவிடக் குறைந்ததிலேயே தெரியும். முன்னும் பின்னும் போனவர்களும் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் இருக்கும். பிஜிக்கு 1903 முதல் சென்னையிலிருந்து போனவர்களுக்கும் இதே மாதிரிச் சீட்டு. ஏழைக் கூலியாளைப் பற்றி நம் ஊர்ப் பதிவேடு எதுவும் இவ்வளவு சொல்வதில்லை. அவருடைய உழைப்பைச் சொத்தாகக் கணக்கு வைத்ததால்தான் இவ்வளவு விவரம் என்பதை மறக்காமல் அதைப் படிக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டல்தான் பெரிய தடை. எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். கிருஷ்ணகிரி "கிஸ்ட்னகெரி" ஆகியிருக்கும், ஓசூர் "ஊசூர்" ஆகியிருக்கும். கிராமப் பெயரில் முதல் எழுத்தை நம்பாமல் நடுவில் உள்ள மெய்யெழுத்துகளை வைத்துத் தேடுங்கள்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனது வேறு மாதிரி. கங்காணி (ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரி) வழியாகப் போனதால் நேட்டால் போன்ற சீட்டு எதிர்பார்க்க முடியாது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் திரும்பிய குடும்பமாக இருந்தால், திரும்பும்போது கொடுத்த குடும்ப அட்டையில் இந்தியப் பூர்வீக ஊர் இருக்கிறதா பாருங்கள்.

பட்டாளத்தில் இருந்து போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தகப்பன் பெயரும் ஊரும் சேர்த்தே பல பதிவுகள் உண்டு. தேடும்போது "சேலம்" என்று போடுங்கள்.

கணக்குக் கட்டு

ஒன்று விட்டுப்போயிற்று. கொள்ளுப்பாட்டி பெயரைக் கேட்டிருந்தீர்கள்.

நிலக் கணக்கில் பெண்கள் வருவது அரிது, கணவர் இறந்த பிறகு "இன்னார் பெண்ஜாதி" என்று வருவார்கள், பல நேரம் சொந்தப் பெயர்கூட இருக்காது. 1927 கடன் பத்திரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். சாட்சிக் கையெழுத்துகளில் மாமனார் வீட்டு ஆட்கள் இருக்கக்கூடும். தாத்தா படித்த பள்ளி இன்னும் இருந்தால் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். அதைப் பள்ளிகள் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் பாதுகாவலர் என்று ஒரு கட்டம் இருக்கும். தகப்பன் இறந்த பிறகு சேர்ந்த பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் தாய் பெயரோ தாய்மாமன் பெயரோ இருக்கும். பிறந்த தேதியை மட்டும் அதிலிருந்து நம்ப வேண்டாம், சேர்க்கும் நாளில் வாத்தியார் கணக்குப் போட்டு எழுதியதாக இருக்கும்.

பாலக்கோட்டிலிருந்து ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் பெண் எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்கள் தெலுங்கிலோ கன்னடத்திலோ கிடைக்கலாம். படிக்கத் தெரிந்தவரை உடன் அழைத்துப் போங்கள்.