மைக்ரோகிரீன்ஸுக்கு ஜிங்க் ஊற்றலாமா? என் கடுகு ட்ரே கருகிப்போச்சு

மொட்டைமாடி:
ஒரு வருஷமா வீட்டில் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) கடுகு, வெந்தயம், சூரியகாந்தி போட்டு, 8, 10 நாளில் மைக்ரோகிரீன்ஸாக, அதாவது குட்டிக் கீரையாக, வெட்டுகிறேன். துத்தநாகம் சேர்த்த தண்ணீர் விட்டால் கீரையில் சத்தும் கூடும், வளர்ச்சியும் நன்றாக இருக்கும் என்று படித்துவிட்டு, உரக்கடையில் ஜிங்க் சல்பேட் (துத்தநாக உப்பு) வாங்கினேன். கடைக்காரர் லிட்டருக்கு 5 கிராம் என்றார். முளை விட்ட மூன்றாம் நாளிலிருந்து அதையே ஊற்றினேன். கடுகில் வேர் பழுப்பாகி, இலை நுனி கருகி, பாதி ட்ரே அப்படியே குட்டையாக நின்றுவிட்டது. அளவு தப்பா, இல்லை பொருளே தப்பா?

களிமண்:
கடைக்காரர் சொன்னது நெல்லுக்கு இலைவழி தெளிக்கிற 0.5 சதவீதக் கணக்கு. வளர்ந்த பயிரின் இலையில் எப்போதாவது ஒரு தடவை தெளிப்பதும், மூணு நாள் முளையின் வேரைத் தினமும் அதில் ஊற வைப்பதும் ஒன்றா? ஹெப்டாஹைட்ரேட் என்கிற ஜிங்க் சல்பேட் வகையில் துத்தநாகம் சுமார் 21 சதவீதம், அப்படியென்றால் நீங்கள் ஊற்றியது 1000 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு இத்தனை மி.கி.) மேல்! 1 கிராமை 1 லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 50 மி.லி. எடுத்து இன்னொரு லிட்டர் தண்ணீரில் விட்டால் ஏறக்குறைய 10 பிபிஎம், அதற்கு மேல் போகாதீர்கள். பக்கத்தில் ஒரு ட்ரேக்கு வெறும் தண்ணீரே விடுங்கள், இல்லாவிட்டால் எதனால் என்ன ஆனது என்று தெரியவே தெரியாது.

அப்புறம், போர் தண்ணீரா? உப்புத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அதில் துத்தநாகமும் இரும்பும் வேருக்குக் கிடைக்காமல் படிந்துவிடும். மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீரில் கலக்குங்கள்.

கீரைப்பாத்தி:
சூரியகாந்தி, பட்டாணி மாதிரி பெரிய விதை என்றால் நான் ஊற வைக்கிற தண்ணீரிலேயே கலந்துவிடுவேன், பிறகு நன்றாகக் கழுவி விதைப்பேன். கடுகில் இந்த வேலை நடக்காது, நனைந்ததும் வழவழவென்று ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, உரத்தர ஜிங்க் சல்பேட்டில் காரீயமும் காட்மியமும் கொஞ்சம் இருக்கலாம், பச்சையாகச் சாப்பிடப் போகிற கீரைக்கு அது வேண்டாமே. சுத்தமான தரம் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். செலினியம் என்கிற இன்னொரு நுண்சத்தின் பக்கம் போகவே போகாதீர்கள்: பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 400 மைக்ரோகிராம்தான், சமையலறைத் தராசை வைத்து அதோடு விளையாட முடியாது.

சந்தேகப்பிராணி:
வளர்ச்சிக்காகத்தான் என்றால் இது வீண் வேலை. முதல் வாரம் முளை விதையில் இருக்கிற சத்தை வைத்தே ஓடிவிடும். எட்டாம் நாளுக்கு மேல் வெளுத்தால் பெரும்பாலும் அது தழைச்சத்துக் குறைதான், நீர்த்த திரவ உரம் ஒரு தடவை போதும். சத்துக்காக என்றாலும் கணக்குப் பாருங்கள்: நம் நாட்டுப் பரிந்துரைப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 17 மி.கி. துத்தநாகம் வேண்டும். நீங்கள் என்னதான் ஏற்றி 100 கிராம் கீரையில் 5 மி.கி. கொண்டுவந்தாலும், தோசை மேல் தூவுகிற 20 கிராமில் கிடைப்பது 1 மி.கி. அதற்கு ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

மொட்டைமாடி:
கொண்டைக்கடலை அடி பலமாக விழுந்தது 😀 இருந்தாலும் சூரியகாந்தியில் மட்டும் ஊற வைத்துப் பார்க்கிறேன், பக்கத்தில் வெறும் தண்ணீர் ட்ரேயும் உண்டு. கடுகுக்கு இனி மழைநீர் மட்டும். மிச்சமிருக்கிற உரக்கடைப் பாக்கெட்டை என்ன செய்வது?

களிமண்:
எலுமிச்சை மரம் இருக்கிறதா? நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இலை சிறுத்து வந்தால், அதே 5 கிராம் கணக்கில் சாயங்காலம் தெளியுங்கள். அங்கே கடைக்காரர் சொன்னது சரி.