டிஸ்ப்ரோசியம் காந்தமாவதை நேரில் பார்த்த அனுபவம்

எம்.எஸ்சி. ஆய்வகத்தில் பார்த்ததை எழுதுகிறேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு டிஸ்ப்ரோசியம் (அருமண் உலோகங்களில் ஒன்று) துண்டு. நூலில் கட்டித் தொங்கவிட்டு, சாதாரண ஃபெரைட் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் லேசாகச் சாயும், அவ்வளவுதான். அதையே திரவ நைட்ரஜனில் இறக்கினோம். கொதிப்பு அடங்கிய பிறகு வெளியே தூக்கியதும் மேலே வெண்பனி படர்ந்தது. காந்தத்தைக் கிட்டே நீட்டியதுதான் தாமதம், டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது! அப்புறம் சூடேற ஏறப் பிடி தளர்ந்து, கடைசியில் தானாகவே கழன்றது.

டிஸ்ப்ரோசியம் இரும்பு போல ஃபெர்ரோ காந்தமாக இருப்பது 85 கெல்வினுக்குக் கீழேதான். நைட்ரஜன் கொதிப்பது 77இல். நல்லவேளை, அதைவிடக் குளிரான திரவ ஹீலியம் தேவைப்படவில்லை. ஆனால் 85க்கும் 179க்கும் நடுவே நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் அணு அடுக்கில் காந்தத் திருப்புத்திறன்கள் (ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம்; அதன் வலுவும் திசையும்) எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். அடுத்த அடுக்கில் கொஞ்சம் திரும்பியிருக்கும், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம், சுழல் படிக்கட்டு மாதிரி. மொத்தமாகக் கூட்டினால் பூஜ்யம். இந்தக் காந்தத்தன்மையைத் தரும் 4எஃப் கூட்டு எலக்ட்ரான்கள் அணுவுக்குள் ஆழத்தில் இருப்பதால் பக்கத்து அணுவை நேரடியாக எட்டுவதில்லை. உலோகத்தில் மின்சாரத்தைக் கடத்தும் எலக்ட்ரான்கள்தான் இடையில் தூது போகின்றன. அந்தத் தூது தூரத்தைப் பொறுத்து ஒத்தும் எதிர்த்தும் மாறும். அதனால்தான் இந்தச் சுழல்.

வேறு யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

•

சார், நைட்ரஜன் இல்லாத பள்ளிகளுக்கு கடோலினியம் இருக்கிறது. அதன் கியூரி வெப்பநிலை, அதாவது ஃபெர்ரோ காந்தத்தன்மை போய்விடும் வெப்பநிலை, ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ். பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவேன்: ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தால் காந்தத்தில் ஒட்டும், வெந்நீரில் முக்கினால் விழுந்துவிடும். வலுக்குறைந்த காந்தமாகப் பாருங்கள். நியோடிமியம் என்றால் வெந்நீரிலும் விடாது. “உள்ளே யாரு மிஸ் ஸ்விட்ச் போடறாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த வகுப்பு முழுக்க அதையே பேசினோம்.

•

நான் ஆய்வு செய்தது ஹோல்மியத்தில், அதுவும் அருமண் உலோகம்தான். 132 கெல்வினில் சுழல் தொடங்கும். 20க்குக் கீழே போனால் திருப்புத்திறன்கள் தளத்தைவிட்டுச் சற்றே எழும்பி, கூம்பு வடிவில் சுழலும். அங்கே ஹீலியம் இல்லாமல் ஆகாது. திருப்புத்திறன் இரும்பில் அணுவுக்கு 2.2 போர் மேக்னட்டான் (அதை அளக்கும் அலகு) என்றால் இதில் 10க்கும் மேல், அதனால் மீக்கடத்திக் காந்தங்களில் புலத்தைக் குவிக்கும் முனைகளை ஹோல்மியத்தில் செய்கிறார்கள். எர்பியத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். 85 கெல்வினுக்குக் கீழே இறங்கியதும் முதலில் அதில் திருப்புத்திறன் சுழலாமல் சி அச்சிலேயே (அடுக்குகளுக்குச் செங்குத்தான திசை) ஏறி இறங்கும். அந்த அளவீட்டைப் பற்றிக் கேட்க ஆசை.