ரிப்பேரியன் நாட்டுக்குத் தமிழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

அன்பர்களே,
முதுகலை மாணவர்களுக்காக 1996 கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தம் பற்றிய பாடத்தைத் தமிழாக்குகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. இந்தியப் பிரதமர் தேவகவுடாவும் வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்டது, 30 ஆண்டுக்கு. ஜனவரி முதல் மே வரை பத்துப் பத்து நாளாகக் கணக்கு. கங்கைமேல் இந்தியா கட்டிய ஃபராக்கா தடுப்பணைக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவாகவோ வந்தால் ஆளுக்குப் பாதி. இதுவரை சரி. ரிப்பேரியன் நாடு என்றால் ஓர் ஆறு ஓடும் நாடு; ஆற்றின் மேல்பக்க ரிப்பேரியன் நாடு, கீழ்ப்பக்க ரிப்பேரியன் நாடு என்று வருமிடத்தில் நின்றுவிட்டேன். 'கரையோர நாடு' என்றால் மாணவர்கள் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள்.

*

அம்மா, கையிலேயே இருக்கிறதே. வாய்க்கால் நீர் முதலில் பாய்வது தலைமடை, கடைசியில் பாய்வது கடைமடை; அதுபோலத் தலைமடை நாடு, கடைமடை நாடு. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் யாரிடம் சொன்னாலும் புரியும். மடைப்பள்ளியில் உள்ள மடையும் இதுவும் ஒரே வேரா என்று எனக்கு நெடுநாள் ஐயம், சோற்றுக்கும் மடை என்று பெயர் உண்டல்லவா, நீர் பாய்ந்து சோறானது என்று கொண்டால்...

*

> நீர் பாய்ந்து சோறானது என்று கொண்டால்

கொள்ளாதீர்கள் ஐயா. மடுத்தல் என்றால் உண்ணுதல், சோற்று மடை அங்கிருந்து வந்திருக்கலாம். அது கிடக்கட்டும். மடை மனிதன் வைத்தது, அதற்குத் திறப்பவன் ஒருவன் உண்டு. ரிப்பேரியனில் இருக்கும் லத்தீன் வேருக்கோ வெறும் கரை என்றுதான் பொருள். தலைமடை என்று எழுதினால் சாவி இந்தியாவிடம் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி. 1975இல் ஃபராக்கா தடுப்பணை செயல்படத் தொடங்கியதிலிருந்து வங்கதேசத்தின் குறையே அதுதானே! 'மேலாற்று நாடு, கீழாற்று நாடு' போதும், யாருக்கும் வலிக்காது.

*

கீழ் என்றால் கிழக்கும்தான். நம் நிலம் கிழக்கே சரிந்ததால் வந்த வழக்கு. கங்கை கிழக்கே ஓடுவதால் தப்பித்தீர்கள். பாகிஸ்தானுடனான 1960 சிந்து ஒப்பந்தத்துக்கு வந்தால் உங்கள் கீழாற்று நாடு மேற்கே இருக்கும். என் பரிந்துரை 'ஓராற்று நாடுகள்'. புணர்ச்சியில் பிழை காண முடியாது.

*

ஓராற்று என்று நான் வாயெடுத்தால் வகுப்பே "ஓராறு ஆறு, ஈராறு பன்னிரண்டு" என்று வாய்ப்பாடு பாடும். மேலும் அதில் யார் மேலே, யார் கீழே என்பது இல்லை.

*

கங்கையில் சேரும் கோசியும் கண்டகியும் நேபாளத்திலிருந்து வருகின்றன. அங்கே இந்தியா கீழே, ஃபராக்காவில் மேலே. இதனாலேயே எனக்குத் தலைமடை பிடிக்கிறது: ஒரு வாய்க்காலில் தலைமடைக்காரன் இன்னொன்றில் கடைமடைக்காரனாக இருப்பதெல்லாம் ஊரில் புதிதா என்ன?

*

நேரமில்லை. தலைமடை, கடைமடை என்றே போட்டுவிட்டேன், எதிர்த்தவரைவிட ஆதரித்தவர் ஒருவர் கூடுதல். மேலாற்று ஐயாவின் மறுப்பு அடிக்குறிப்பில் வரும்.

*

அடிக்குறிப்பை யார் அம்மா படிக்கிறார்கள்? 1972 முதல் கூட்டு ஆற்று ஆணையத்தில் இரண்டு நாடும் சமமாக உட்காருகின்றன, நம் பாடத்தில் மட்டும் ஒன்று தலை, ஒன்று கடை. என் மறுப்பு அப்படியேதான். அப்புறம், வெறும் 70,000 கன அடி என்று எழுதியிருக்கிறீர்கள். 'விநாடிக்கு' விட்டுப்போயிற்று, அச்சுக்கு முன் அதையாவது திருத்துங்கள்.