மறு: ஃப்ரீ, அவைலபிள் – இரண்டுக்கும் தமிழில் என்ன?

வணக்கம்,

லினக்ஸில் நினைவக நிலவரத்தைக் காட்டும் ஃப்ரீ (free) கட்டளையின் பத்தித் (நெடுவரிசை) தலைப்புகளைத் தமிழாக்குவது பற்றிய உங்கள் கேள்விக்கு இது பதில்.

> ஃப்ரீ = மீதி நினைவகம், அவைலபிள் = கிடைக்கும் நினைவகம். இதில் என்ன குழப்பம்?

'மீதி'யில்தான் எனக்குச் சிக்கல். செலவு போக எஞ்சியது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 8 ஜிபி மடிக்கணினியில் ஃப்ரீ கட்டளை கொடுத்தால் ஃப்ரீ 0.4, பஃப்/கேஷ் 4.8, அவைலபிள் 4.5 என்று வருவது சர்வசாதாரணம். அந்த 0.4-ஐ 'மீதி' என்று போட்டால் மனிதர் பதறிப்போய் ராம் வாங்கக் கிளம்பிவிடுவார். வட்டிலிருந்து படித்த கோப்புப் பக்கங்களை லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ராமிலேயே வைத்துக்கொள்கிறது; அதுதான் கேஷ். நிரல்கள் இடம் கேட்டால் அந்தப் பக்கங்களைக் கைவிடுகிறது. ஃப்ரீ என்பது எதற்குமே பயன்படாமல் சும்மா கிடப்பது மட்டும். அதற்குக் 'காலி' போதும்.

> காலி அரபு வழி வந்தது. 'வெற்று' என்போமே.

பேருந்தில் 'சீட் காலியா?' என்றுதானே கேட்கிறோம்! வெற்று நினைவகம் என்றால் பழுதானதோ என்று தோன்றுகிறது. தவிர, ஃப்ரீ கட்டளையின் பத்திகள் குறுகலானவை. பல முனையங்களில் (கட்டளை தட்டும் சாளரங்களில்) தமிழ் எழுத்து ஏற்கெனவே வரிசை கலைந்துதான் தெரிகிறது. இரண்டெழுத்துச் சொல் அங்கே வரம்.

> காலியையும் கேஷையும் கூட்டினால் அவைலபிள். அதற்குத் தனிச்சொல் எதற்கு?

கூட்டிப் பாருங்கள்: மேலே 5.2 வருகிறது, 4.5 அல்ல. டிஎம்பிஎஃப்எஸ் (ராமிலேயே இருக்கும் கோப்பு முறைமை) கோப்புகளும் நிரல்கள் தமக்குள் பகிரும் பகிர்நினைவகமும் கேஷ் கணக்கிலேயே வருகின்றன. அவற்றை அப்படியே தூக்கியெறிய முடியாது, ஸ்வாப்புக்கு (ராமில் இடம் போதாதபோது பயன்படும் வட்டு இடத்துக்கு) தள்ளத்தான் முடியும். கெர்னல் தன் அவசரத்துக்கென்று கொஞ்சம் ஒதுக்கியும் வைக்கும். இந்தக் கூட்டல் பலரை ஏமாற்றியதால்தான் 2014-இல் வந்த 3.14 கெர்னலின் நினைவக அறிக்கையில் மெம்அவைலபிள் என்ற தனி வரியையே சேர்த்தார்கள். ஸ்வாப்பைத் தொடாமல் புதிய நிரல்களுக்கு எவ்வளவு தரலாம் என்ற மதிப்பீடு அது.

ஆக, தருவது கெர்னல். அதனால் 'தரத்தகு நினைவகம்' என்பது என் பரிந்துரை. 'கிடைக்கும்' என்பது உறுதிமொழி போல ஒலிக்கிறது. கெர்னலோ கணித்துத்தான் சொல்கிறது.

----

ஐயா, காலிக்கு என் ஆதரவு. 'தரத்தகு' பொருளில் பொருந்துகிறது, வாயில் நுழையவில்லை. மாணவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். 'தரக்கூடியது' என்று போடலாமா? பிரெஞ்சுக்காரர்கள் லீப்ர், திஸ்போனிப்ள் என்று அன்றாடச் சொற்களையே வைத்திருக்கிறார்கள்.

----

'தரக்கூடியது' நீளம், விளக்கக் குறிப்பில் அது, பத்தித் தலைப்பில் 'தரத்தகு'. சம்மதமா? கேஷுக்கு 'இடைமாற்று' மட்டும் வேண்டாம், ஸ்வாப்போடு குழம்பும். அதைத் தனி இழையில் பேசலாம்.